அசனக் கஞ்சியும் தாழைக்குளத்து மீனும்

தூத்துக்குடி,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு சேர்ந்து வந்திருக்கிறது, மழையோடு சேர்ந்தே போய்விடும். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை கிளைட்டனும் பிள்ளை ஷெர்லியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் ஒரு விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கோ உதாரணம் சொல்லாமல் எதையும் சொல்லி முடிக்கத் தெரியாது. அதனால் கடிதம். மெதுவாகப் படி.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் காலையில் ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாய். நம் வீட்டுக்கு அந்தப் பக்கம் தாழைக்குளத்தில் ஜிலேபிக் கெண்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரமெல்லாம் மிதந்தன. ஏம்மா, தண்ணிக்குள்ளயே இருக்கிற மீன் எப்படி மூச்சு முட்டிச் சாகும் என்று கேட்டாய். தண்ணீருக்குள்ளும் காற்று கரைந்திருக்கிறது, மீன் அதைத்தான் மூச்சாக எடுக்கிறது, அந்தக் காற்று தீர்ந்துபோனால் செத்துவிடும் என்றேன். அப்போ அந்தக் காத்தை எடுத்தது யாரு என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் பள்ளிக்கூட கேட் வந்துவிட்டது, மணியும் அடித்துவிட்டது, நீ பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். அந்த இரண்டாவது கேள்விக்கான பதில் இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறது. போன மாதம் நீ போனில் கோபமாகக் கேட்டாயே, ரிட்டயர்டு ஆன பிறகு உனக்கு எதுக்கும்மா இந்தச் சாக்கடைக் கமிட்டி, பேசாம வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்களேன் என்று, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் அது சாக்கடைக் கமிட்டி இல்லை. 2023 டிசம்பர் மழையில் நம் வீட்டுக் கட்டில் வரைக்கும் தண்ணீர் ஏறியதும், நானும் அப்பாவும் மொட்டை மாடியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருந்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மாநகராட்சியில் எங்கள் வார்டுக்கு ஒரு குழு போட்டார்கள். தாழைக்குளத்துத் தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைப்பது, தெருவில் விழுகிற மழையை எங்கே கொண்டுபோவது, இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவிப் பொறியாளர் ஷாம் என்று ஒரு பையன், உன்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், அவன்தான் குழுவை நடத்துகிறவன். முக்கு மளிகைக்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் கடைத்தெருவுக்காக இருக்கிறார். நம் சர்ச் இருக்கிற கோயில் தெருவுக்காக நான். அப்பா இதற்குக் குளத்துக் கமிட்டி என்று பேர் வைத்துவிட்டார், கமிட்டிக்கு நேரமாச்சு காபியைக் குடிச்சிட்டுப் போ என்று அவரே கிளப்பியும் விடுகிறார்.

போன வருஷம் மழைக்காலத்தில் வழக்கம்போலவே குளத்தில் மீன் செத்தது, தெருவெல்லாம் நாற்றம். அதற்கு அடுத்த கூட்டத்தில் ஷாம் இரண்டு பிளானை மேஜையில் விரித்தான். முதல் பிளான், தெரு வாய்க்கால்களை எல்லாம் குளத்திலிருந்து துண்டித்து, மூடிய கான்கிரீட் கால்வாயில் சுற்றிக் கொண்டுபோய் பம்ப் வைத்து ஓடையில் இறைத்துவிடுவது. அந்த ஓடை உப்பளத்துக்குப் பின்பக்கமாகக் கடலுக்குப் போய்விடும். குளத்துக்கு வேலி, நடைபாதை, நடுவில் ஒரு நீரூற்று. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மழை உள்ளே வராத குளம் கோடையில் வறண்டுபோகும், பம்புக்குக் கரண்ட் போனால் தண்ணீர் திரும்பவும் நம் வீட்டுக் கட்டிலுக்குத்தான் வரும். இரண்டாவது பிளான், மழைத்தண்ணீரை எப்போதும்போலக் குளத்துக்கே விடுவது, ஆனால் ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் ஒரு வண்டல் தொட்டி கட்டி, அதைத் தாண்டிக் கோரைப்புல்லும் சம்புப்புல்லும் வளர்த்து, மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கும்படி செய்வது. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள் இல்லையா, அதுபோல மழைத்தண்ணீர் செருப்பைக் கழற்றுகிற இடம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன், ஷாம் அதை அப்படியே எழுதிக்கொண்டான். ஆனால் அவன் சொன்னதையும் கேள். டீச்சர், எனக்கும் ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, ஆனா வாய்க்கால்ல மழையை மட்டுமா விடுதாங்க, கண்டதையும் விடுதாங்க, வருஷா வருஷம் மீன் செத்து மேல பெட்டிஷன் போகுது, மீன் சாகாம ஒரே ஒரு மழைக்காலம் காட்டுங்க, நானே ரெண்டாவது பிளானை அனுப்புதேன், இல்லேன்னா குளத்தை மூடிக் கட்டுறதைத் தவிர வேற வழி இல்ல என்றான். நியாயமான பேச்சுதான். அப்படித்தான், இந்த மழைக்காலத்தில் குளத்தின் கதி முடிவாக வேண்டும் என்று ஆயிற்று.

மீனைக் கொல்வது யார் என்பதில்தான் சண்டை. அண்ணாச்சி மீன் வெட்டுகிற ஷெட்டைச் சொன்னார், ஷெட்டுக்காரர்கள் அண்ணாச்சி கடை எண்ணெய்ப் பிசுக்கைச் சொன்னார்கள், நம் கோயில் தெருக்காரர்கள் இரண்டு பேரையும் சொன்னார்கள். பழிபோட்டால் பதில் கிடைக்காது, தண்ணீரிடமே கேட்போம் என்றேன். அக்டோபரில் முதல் மழை பெய்தபோது அண்ணாச்சி கடையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கினேன். எலுமிச்சம்பழம் மிதக்கும், எதிலும் சிக்காமல் உருண்டு போகும், வீணானாலும் மக்கிப்போகும். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் தெருப்பெயரை எழுதி, அந்தந்தத் தெரு வாய்க்காலில் போட்டுவிட்டு, குளத்து வாயில் நின்று எது எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் யோசனை. மார்க்கர் எழுத்தும் பையுமாக நான் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி கடை முன்னால் குனிந்து ஒன்றைப் போட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். டீச்சர், நீங்க படிச்சவங்க, கோயிலுக்குப் போறவங்க, என் கடை வாசல்ல பேரெழுதி எலுமிச்சம்பழத்தை உருட்டலாமா, இன்னைக்கு ஒருத்தன் கடை ஏறுவானா என்றார். எதிர்க் கடைக்காரன் வேறு, அண்ணாச்சி, யாரோ பெருசா செய்வினை வச்சிட்டாங்கன்னு கத்துகிறான். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பழம் தெருமுனை தாண்டிவிட்டது. அப்புறம் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு குளத்து வாய்க்கு வந்து மழையில் நின்றார்.

கடைத்தெருப் பழம் வழியில் இரண்டு மூன்று பள்ளங்களில் சுற்றிச் சுற்றித் தாமதமாக வந்தது. மீன் ஷெட் பழம் வரவே இல்லை, அந்த வாய்க்கால் வேறு பக்கம் போகிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கேயும் நிற்காமல், ஆற்றில் விட்ட படகு மாதிரி நேராக ஓடிவந்து குளத்தில் விழுந்தது நம் கோயில் தெருப் பழம். அதுவும் கோயில் சமையல்கூடத்துக்குப் பின்னால் போட்டது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீச்சர், போன வருசம் மீன் செத்தது உங்க கோயில் அசனச் சாப்பாடு முடிஞ்ச ரெண்டாம் நாள்தானே என்றார். நாங்க பொங்கல் வச்சா பானையோட காலி பண்ணிருவோம், நீங்கதான் ஊருக்கே சோறு வடிக்கிற ஆளுக என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசனமும் மழையும் எப்போதும் ஒரே சமயத்தில் வருவதால், புது மழைத்தண்ணீர் சூட்டைக் கிளப்பி மீன் சாகிறது என்றே ஊர் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தது. நீ ஸ்கூட்டரில் கேள்வி கேட்டாயே, அதுவும் பிரதிஷ்டை பண்டிகை அசனத்துக்கு அடுத்த வாரம்தான். அந்த மாதம் நீ புதுப் பண்டிகைச் சட்டையைத்தான் பள்ளிக்கூடத்துக்கும் போடுவேன் என்று அடம்பிடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அசனச் சமையலை நடத்துகிறவர் நம் ஞானையா பெரியப்பாதானே. பனைநார்க் கடகக் கூடைகளில் மலைபோலச் சோற்றைக் கொட்டி வடிக்கிறார்கள், அந்தக் கஞ்சி முழுவதும் சமையல்கூடத்துப் பின்வாசல் வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. நானும் அப்பாவும் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். முகம் சுண்டிவிட்டது அவருக்கு. ஏளா அற்புதம், கஞ்சி என்ன விஷமா, நாம குடிச்சு வளர்ந்த கஞ்சிதானே என்றார். அப்புறம் அவர் சொன்னதையும் கேள். நாங்க அதைக் கழிவுன்னு ஊத்தல, மீனுக்குன்னுதான் ஊத்துறோம், ஜெபம் பண்ணி ஆக்குன சோறு, ஆள் பேர் பார்க்காம எல்லாருக்கும் போடுறது அசனம், குளத்துல இருக்கிற வாயில்லாத ஜீவனுக்கும் அதுல பங்கு உண்டுன்னு எங்க அப்பா முதல் அண்டாக் கஞ்சியை வாய்க்கால்ல விட்டுட்டுத்தான் பந்தி போடுவாரு, அதையா கொலைங்குற என்றார். பார், நல்ல மனசோடு செய்த காரியம். அதைக் குற்றம் என்று சொன்னால் எந்த மனிதன் ஒத்துக்கொள்வான். நான் வாதாடவில்லை. அத்தான், ரெண்டு பாட்டிலை உங்க ஜன்னல்ல வச்சிட்டுப் போறேன், பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பாட்டிலிலும் அதே குளத்துத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினேன். மீன் தொட்டிக்கு ஊற்றுகிற நீல மருந்தைக் கடையில் வாங்கி இரண்டிலும் சில சொட்டு விட்டேன். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கஞ்சி. இரண்டையும் இறுக்கி மூடிவிட்டேன். தண்ணீரில் காற்று இருக்கிறவரை அந்த நீலம் இருக்கும், காற்று தீர்ந்தால் நீலம் வெளுத்துவிடும். இரண்டாம் நாள் காலையில் பெரியப்பாவே போன் பண்ணினார். ஏளா, கஞ்சி பாட்டில் வெள்ளையாப் போச்சு, மத்தது அப்படியே இருக்கு, இதுக்குள்ள இருந்த காத்தை எவன் தின்னான் என்றார். உன் கேள்வியேதான் ஜெனி. அவருக்கு நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவையும் மூச்சு விடுகின்றன. சாதாரண நாளில் அவற்றுக்கு அரை வயிறுதான், அதனால் அடங்கி இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி போட்டதும் எங்கிருந்தோ ஊரே வந்து உட்காருமே, அதுபோலக் கஞ்சி வந்ததும் அவை பெருகிப் பெருகி, தின்னத் தின்ன மூச்சை இழுத்து, குளத்திலிருக்கிற காற்றை எல்லாம் அவையே தீர்த்துவிடும். மீன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே மூச்சு முட்டிச் சாகும். பெரியப்பா, சரி, இந்த வருசம் முதல் அண்டாவும் போகாது, கடைசி அண்டாவும் போகாது, நான் பொறுப்பு என்றார்.

அதற்காகக் கோயில் தென்னந்தோப்பில் ஜேசிபி வைத்து நீளமாக ஒரு குழி எடுத்தார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அதற்குள்தான், கழுவும் முன் வைக்கோலால் துடைக்க வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் நான் சொல்லிவைத்தேன். அசனத்தன்று எல்லாம் சரியாகப் போனது, சாயங்காலம் வரை. கடைசி ஈடு அண்டாக்கள் அடுப்பில் இருக்கும்போது மழை பிடித்தது பார், குழி நிரம்பி வழிகிறது. சமையல் மாஸ்டர் ஜீவமணி ஓடி வந்தார். பெரியவரே, சோறு பதத்தைத் தாண்டுது, இன்னும் வடிக்கலேன்னா கூழுதான், கஞ்சியை வாய்க்கால்ல விடட்டுமா என்றார். பெரியப்பா குடையோடு போய் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். விடுறதுன்னா என் கால் மேல விட்டுட்டு விடு என்கிறார். கொதிக்குது பெரியவரே, கால் வெந்துபோகும் என்கிறார் ஜீவமணி. நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், கடையில் காலி எண்ணெய் டிரம் இருக்குமே, உங்கள் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று. எலுமிச்சம்பழம் இல்லேன்னா வாரேன் டீச்சர் என்று சொன்னவர் உண்மையிலேயே அந்த மழையில் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து சேர்வதற்குள் வடித்த கஞ்சியை என்ன செய்வது என்று யோசித்த பெரியப்பா, உப்புப் போட்டு டம்ளரில் ஊற்றி, மழையில் நனைந்து கடைசிப் பந்திக்குக் காத்திருந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். அசனத்துல கஞ்சியா என்று முதலில் முணுமுணுத்தவர்கள் குளிருக்குச் சூடாக உள்ளே இறங்கியதும் இன்னொரு டம்ளர் கேட்டார்கள். மிச்சம் அண்ணாச்சி டிரம்களில் ஏறியது. மாட்டுத் தொழுவங்களுக்கு அளவாகக் கொஞ்சம், மற்றதெல்லாம் வேம்பார் ரோட்டுப் பக்கம் அவருடைய மேட்டு மணல்காட்டில் ஊற்றியாயிற்று. பெரியப்பாவின் பட்டுக்கரை வேட்டி முழங்கால் வரை சேறு, ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை. அண்ணாச்சியை உட்காரவைத்துத் தன் கையாலேயே சோறு பரிமாறினார்.

மறுநாள் காலையில் ஷாம் தண்ணீரில் காற்றை அளக்கிற கருவியோடு வந்தான். அளவு நன்றாக இருந்தது, போன வருஷம் மீன் செத்த அன்று அது கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் நின்றதாம். அவன் உடனே கைகொடுக்க வந்தான், நான் கொடுக்கவில்லை, இரண்டாம் நாள்தானே மீன் சாகும், பொறு என்றேன். இரண்டாம் நாள் விடியும்போது நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். கோயில் தெரு வாய்க்கால் வாயில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, சில செத்தும் மிதந்தன. எங்கேயோ யாரோ பாத்திரம் கழுவியதை விட்டிருக்கிறார்கள், வீட்டுக் குழாய்களும் இன்னும் அந்த வாய்க்காலில்தானே திறந்திருக்கின்றன. பெரியப்பா ஷாமைப் பார்க்கவே இல்லை. கருவியில் அளவு இறங்கியிருந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. வெயில் ஏறினால் பச்சைப் பாசி காற்றை விடும், இன்னும் இரண்டு மணி நேரம் நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். வெயில் ஏற ஏற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப்போயின. மூன்றாம் நாள் கரையில் கொக்குகளைத் தவிர வேறு வெள்ளை இல்லை. செத்தது அந்தச் சில மீன்களோடு நின்றுவிட்டது, இது போதும் டீச்சர் என்று போன வாரம் கூட்டத்தில் ஷாம் இரண்டாவது பிளானில்தான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினான். முதல் வண்டல் தொட்டி கோயில் தெரு வாயில்தான் வருகிறது, அதற்கு இடம் தருவது கோயில். மேலிடத்துக் கையெழுத்தும் பணமும் இன்னும் வரவேண்டும், வரும். தெருவில் சில வீட்டுக்காரர்கள் குழாயை மாற்ற முடியாது என்கிறார்கள், அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். நம் வீட்டுச் சமையலறைக் குழாயும் அந்த வாய்க்காலில்தான் இருந்தது, போன திங்கட்கிழமை கொத்தனாரை வைத்து மாற்றியாயிற்று. உன் கமிட்டி என் சமையல்கட்டு டைல்ஸையும் உடைச்சிட்டுதே என்று அப்பா புலம்புகிறார், ஆனால் கொத்தனாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கியதும் அவர்தான்.

ஆகவே ஜெனி, வீட்டை விற்கிற பேச்சை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடு. குளம் மழையை வாங்கிக்கொள்கிறவரை நம் கட்டிலுக்கு அது வராது, அந்தக் குளத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். உன்னையும் பிள்ளையையும் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை, விடுமுறைக்கு நீங்கள் வாருங்கள், குளத்துக் கரையில் ஷெர்லியை நடக்கவைக்கிறேன். மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிடாமல் தூங்கவிடாதே. நீயும் மாத்திரையை மறக்காதே. முந்திரிக்கொத்து செய்து அனுப்பலாம் என்று இருக்கிறேன், உங்கள் ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று கேட்டு எழுது. ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் வீட்டில் சமாதானத்தை நிறைவாகத் தருவாராக. அப்பா உங்கள் மூவருக்கும் முத்தம் சொல்லச் சொன்னார்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ அனுப்பிய போட்டோவை ஹாலில் வைத்திருக்கிறேன், உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மழைத்தண்ணீருக்காக வெட்டிய ஏரியில் ஷெர்லி வாத்துக்கு ரொட்டி போடுகிற படம். வாரா வாரம் வீட்டில் மிஞ்சிய ரொட்டியெல்லாம் அங்கேதான் போகிறது என்று எழுதியிருந்தாய், அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அந்த முகத்திலேயே தெரிகிறது. ஞானையா பெரியப்பாவின் முகமும் அண்டாவைச் சாய்க்கும்போது அப்படித்தான் இருந்திருக்கும். அவளைத் தடுக்காதே, ஒன்றும் சொல்லவும் வேண்டாம். வரும் சனிக்கிழமை அந்த ஏரித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்து, இரண்டிலும் சில சொட்டு நீல மருந்து விட்டு, ஒன்றில் மட்டும் அவள் கையாலேயே ஒரு துண்டு ரொட்டியைப் போடச் சொல்லி, மூடி, சமையலறை ஜன்னலில் வை.

என்றும் உன் நினைவாக,
அம்மா அற்புதமணி நேசக்குமார்